காற்று லீவு எடுத்தால் சென்னை என்ன ஆகும்?

நவம்பர் மாதம் பிறந்தால் போதும். டெல்லியில் மூச்சு விட முடியவில்லை என்று செய்தி வரும். பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை, கட்டட வேலைக்குத் தடை, முகமூடி போட்ட ஜனங்கள் என்று படம் படமாக வரும்.

அதைப் பார்த்து விட்டு சென்னை டீக்கடைகளில் பேசிக் கொள்வது ஒன்றே ஒன்றுதான்.

"நமக்கென்ன சார்? பக்கத்திலேயே கடல் இருக்கு. புகையை எல்லாம் கடல் காத்து அடிச்சிக்கிட்டுப் போயிடும்!"

இதில் பாதி உண்மை. மீதிப் பாதி ஆபத்து.

சென்னையை இதுநாள் வரை காப்பாற்றி வருவது சட்டமும் அல்ல, அதிகாரிகளும் அல்ல. காற்றுதான். ஆனால் காற்று ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி வேலை பார்ப்பதில்லை. சில மாதங்களில், சில மணி நேரங்களில் அது லீவு எடுத்துக் கொள்கிறது. புகை விடுகிறவர்கள் மட்டும் லீவு எடுப்பதில்லை. வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மலை இல்லாத ஊர்

சென்னை தட்டையான ஊர். கடல் மட்டத்தில் இருந்து சில மீட்டர் உயரம்தான். பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துக் குன்றுகளை விட்டால் மேடு என்று சொல்லிக் கொள்ள எதுவும் இல்லை. புகையை மறித்து நிறுத்த மலைச்சுவர் கிடையாது.

டெல்லியின் கதை வேறு. கடல் வெகு தூரம். வடக்கே இமயமலை மதில் மாதிரி நிற்கிறது. குளிர்காலத்தில் அங்கே காற்று ஓய்ந்து விடும். அந்த நேரம் பார்த்து பஞ்சாப், அரியானா வயல்களில் நெல் அறுத்த தாளுக்குத் தீ வைப்பார்கள். அந்தப் புகையும் ஊர்ப் புகையும் சேர்ந்து தலைநகரைப் போட்டு அமுக்கி விடும்.

சென்னைக்கு அந்தக் கஷ்டம் இல்லை. வெயில் ஏற ஏற தரை சீக்கிரம் சுட்டு விடுகிறது. கடல் மெதுவாகத்தான் சுடும். தரை மேல் இருக்கும் காற்று சூடாகி மேலே எழும்புகிறது. அந்த இடத்தை நிரப்ப கடலில் இருந்து குளிர்ந்த காற்று ஓடி வருகிறது. அதுதான் கடல் காற்று.

கத்திரி வெயில் காலத்தில் மேல்காற்று பலமாக அடித்தால் கடல் காற்று உள்ளே வரத் திணறும். அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளக்கும். கடல் காற்று சீக்கிரம் வந்து விட்டால் அன்றைக்கு ஊர் பிழைத்தது. மெரினாவில் சுண்டல் விற்கிற பையனுக்குக் கூடத் தெரிந்த சங்கதி இது.

தள்ளி விடும், தின்று விடாது

ஆனால் பலர் யோசிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது.

கடல் காற்று கடலில் இருந்து ஊருக்குள் வீசுகிறது. ஊரில் இருந்து கடலுக்கு அல்ல! அப்படியானால் கடற்கரை ஓரத்தில் கிளம்பும் புகை எங்கே போகும்? ஊருக்குள்தான் போகும்.

காற்று புகையைத் தின்று விடுவதில்லை. ஒருவர் வீட்டு வாசலில் இருந்து இன்னொருவர் வீட்டு வாசலுக்குத் தள்ளி விடுகிறது. அவ்வளவுதான்.

இரவில் தரை குளிர்ந்த பிறகு தரைக்காற்று மெல்லக் கடல் பக்கம் போகும். அதோடு கொஞ்சம் புகையும் போகும். மறுநாள் பகலில் கடல் காற்று கிளம்பும்போது அதில் ஒரு பங்கு திரும்ப ஊருக்குள் வரும். போன விருந்தாளி மறுநாளே பெட்டியோடு வந்து நிற்பது போல!

புகை யார் தலையில்?

வடசென்னையைப் பாருங்கள். மணலியில் 1969ஆம் ஆண்டு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வந்தது. அதைச் சுற்றி ரசாயன ஆலைகளும் உர ஆலைகளும் வந்தன. எண்ணூரில் 1970ஆம் ஆண்டு அனல் மின் நிலையம் வந்தது. அந்தப் பழைய நிலையம் 2017ஆம் ஆண்டு மூடப்பட்டு விட்டது. ஆனால் அதற்குள் அத்திப்பட்டு, வல்லூர் பக்கம் அதைவிடப் பெரிய நிலக்கரி மின் நிலையங்கள் எழும்பி விட்டன.

இவை எல்லாம் கடல் ஓரத்திலும் அதை ஒட்டியும் இருப்பவை. உயரமான புகைபோக்கி இருக்கிறதே, புகை மேலேயே போய்விடாதா என்று கேட்கலாம். எப்போதும் போகாது. கடல் காற்று குளிர்ந்த காற்று. அதில் கலக்கும் புகை கலையாமல் ஒரே பட்டையாக உள்ளே வரும். சில கிலோமீட்டர் வந்த பிறகு, வெயிலில் சுட்ட தரையின் சூட்டால் காற்று கலங்கும். அப்போது மேலே இருந்த புகை கீழே இறங்கும். ஆலைக்குப் பக்கத்தில் இருப்பவனை விட, ஆலையே கண்ணில் படாத தெருவில் இருப்பவனுக்கு நெஞ்சு கரிக்கும்!

எந்த மாதம் யாருக்கு இந்த உபத்திரவம் என்பதையும் காற்றுதான் தீர்மானிக்கிறது.

கிழக்கே இருந்து வீசுவது கொண்டல். மேற்கே இருந்து வீசுவது கோடை. வடக்கே இருந்து வருவது வாடை. தெற்கே இருந்து வருவது தென்றல். பெரியவர்கள் சும்மா பெயர் வைக்கவில்லை.

ஆனி, ஆடியில் மேல்காற்று அடித்தால் மணலிப் புகை கிழக்கே திருவொற்றியூர்ப் பக்கம் திரும்பும். பிற்பகலில் கடல் காற்று வந்தால் அதே புகை மாதவரம் பக்கம் திரும்பும். மார்கழி, தையில் வடகிழக்குக் காற்று வீசும்போது கொடுங்கையூர், வியாசர்பாடி, பெரம்பூர்ப் பக்கம் இறங்கும்.

ஆக, காற்று மாறினால் பாதிக்கப்படுகிற பேட்டைதான் மாறுகிறது. வடசென்னைக்குள்ளேயே முறை வைத்து மூச்சு முட்டுகிறது.

துறைமுகக் கரி சொன்ன பாடம்

சென்னைத் துறைமுகத்தில் ஒரு காலத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் மலை மலையாகக் குவிந்து கிடந்தன. கடல் காற்று அடித்தால் போதும், கரித்தூள் கிளம்பி ஊருக்குள் வந்து விடும். ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை பக்கம் காய வைத்த துணி கறுத்துப் போகும். வீட்டுத் தரையில் கால் வைத்தால் பாதம் கறுப்பாகும்.

பொதுமக்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த ஆண்டு அக்டோபரோடு நிலக்கரியும் இரும்புத் தாதும் சென்னைத் துறைமுகத்தை விட்டுப் போயின.

போனது எங்கே? எண்ணூருக்கு!

ராயபுரத்துக்கு விடிந்தது சரி. ஆனால் தூசியை ஒழிக்கவில்லை, இடம் மாற்றினோம் என்பதுதான் கணக்கு. காற்று செய்கிற அதே வேலையை அரசாங்கமும் செய்தால் எப்படி?

மார்கழியில் மூடி விழுகிறது

இனி காற்று லீவு எடுக்கும் கதைக்கு வருவோம்.

சாதாரணமாக மேலே போகப் போகக் காற்று குளிர்ச்சி அடையும். தரையில் சூடான காற்று மேலே எழும்பும். புகையையும் கூடவே தூக்கிக் கொண்டு போகும்.

மழைக்காலம் முடிந்து மார்கழி, தை வந்ததும் இந்தக் கணக்கு இரவு நேரத்தில் தலைகீழ் ஆகிறது. வானத்தில் மேகம் இல்லை. காற்று அசையாது. தரையின் சூடெல்லாம் வானத்துக்குப் போய்விடும். தரையை ஒட்டிய காற்று சில்லென்று ஆகிவிடும். அதற்கு மேலே உள்ள காற்று அதைவிடச் சூடாக இருக்கும்.

குளிர்ந்த காற்று கனமானது. மேலே எழும்பாது. சட்டிக்கு மூடி போட்ட மாதிரி ஆகிவிடும். இரவு முழுவதும் லாரி விடும் புகை, குப்பை எரிக்கும் புகை, ஜெனரேட்டர் புகை எல்லாம் மூடிக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். காலையில் வெயில் ஏறித் தரை சுட்ட பிறகுதான் மூடி திறக்கும்.

இந்த மாதங்களின் நடுவிலேதான் போகிப் பண்டிகையும் வருகிறது. பழைய பாய், பழைய துணி கொளுத்திய காலம் போய், டயரும் பிளாஸ்டிக்கும் ரப்பரும் கொளுத்தும் காலம் வந்து விட்டது. அதுவும் விடியற்காலையில். மூடி இறுக்கமாக இருக்கும் நேரம் பார்த்து!

2018ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் தேதி என்ன நடந்தது? பனியும் போகிப் புகையும் ஒன்றாகச் சேர்ந்து மீனம்பாக்கத்தில் ஓடுபாதையே தெரியவில்லை. விமானங்கள் தாமதமாயின. பல விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன.

விமானத்துக்கு வேறு ஊர் இருக்கிறது. தெருவில் படுத்திருப்பவனுக்கு, குடிசையில் இருக்கும் கைக்குழந்தைக்கு, இழுப்பு வந்து உட்கார்ந்திருக்கும் கிழவருக்கு எந்த ஊர் இருக்கிறது?

'ஓசோன்' என்று ஒரு புரளி

மார்கழி விடியற்காலையில் வெளியே போனால் 'ஓசோன்' கிடைக்கும், உடம்புக்கு நல்லது என்று ஒரு பேச்சு பல ஆண்டுகளாக உலவுகிறது. கோலம் போடுகிற பெண்கள் முதல் பார்க்கில் நடக்கிற பென்ஷன்காரர்கள் வரை நம்புகிறார்கள்.

இது புரளி. ஓசோன் மேலே, பல கிலோமீட்டர் உயரத்தில் இருந்தால் நல்லது. வெயிலின் கெட்ட கதிரைத் தடுக்கும். தரையில் இருந்தால் அது நுரையீரலுக்கு எதிரி. அந்த எதிரியும் வண்டிப் புகையில் வெயில் பட்டுத்தான் உண்டாகிறது. அதனால் பிற்பகலில்தான் அதிகம் இருக்கும். விடியற்காலையில் அது குறைவு.

விடியற்காலையில் நிறைய இருப்பது புகைத்தூள். தலைமுடியில் முப்பதில் ஒரு பங்கு கனம் கூட இல்லாத தூள். மூக்கு முடி தடுக்காது. தொண்டை தடுக்காது. நேரே நுரையீரலின் அடி வரைக்கும் போகும். அங்கிருந்து ரத்தத்துக்குப் போகும். இருமலோடு நிற்காது. மாரடைப்பு, பக்கவாதம் வரை இழுத்து விடும் என்று டாக்டர்கள் எச்சரிக்கிறார்கள்.

கோலம் போடுவதை யாரும் விட வேண்டியதில்லை. ஆனால் ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் மார்கழி, தையில் வெயில் ஏறிய பிறகு நடக்கப் போவதே புத்திசாலித்தனம்.

ஆபீஸ் நேரமும் அதே நேரம்

காலை எட்டு மணிக்குப் பஸ் ஸ்டாப்பில் நிற்கும் குமாஸ்தா, ஷட்டர் தூக்கி வாசல் தெளிக்கும் கடைக்காரர், சிக்னலில் நிற்கும் டிராபிக் போலீஸ்காரர் — இவர்களுக்கு நேரத்தை மாற்றிக் கொள்ளும் வசதி கிடையாது. குளிர்காலத்தில் மூடி திறக்கும் முன்பே ஆபீஸ் கூட்டம் தொடங்கி விடுகிறது. வண்டிகள் அதிகம், காற்று கம்மி. சாயங்காலம் வீடு திரும்பும்போது மறுபடியும் மூடி விழத் தொடங்கி விடும்.

அதாவது, ஊரில் காற்று நன்றாக இருக்கும் நேரத்தில் இவர்கள் நாலு சுவருக்குள் இருக்கிறார்கள். காற்று கெட்டுக் கிடக்கும் நேரத்தில் தெருவில் நிற்கிறார்கள்.

இந்தக் கணக்கு அரசாங்கப் புள்ளிவிவரத்தில் ஏறுவதில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தினமும் மாலையில் வெளியிடும் எண் 24 மணி நேரச் சராசரி. நல்ல மதியமும் கெட்ட காலையும் ஒன்றோடு ஒன்று கலந்து 'பரவாயில்லை' என்று ஆகிவிடுகிறது.

அளவுகோலிலும் இதே கதைதான். நுண்தூள் ஆண்டு சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 40 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்று இந்திய அரசு 2009ஆம் ஆண்டு வகுத்தது. உலக சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டு சொன்ன அளவு 5. சென்னை பாஸா, பெயிலா என்பது எந்த வாத்தியார் பேப்பர் திருத்துகிறார் என்பதைப் பொறுத்தது!

மழை துடைக்கும், எத்தனை நாள்?

சென்னைக்கு இன்னொரு துணையும் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழை. மழைத்துளி விழும்போது காற்றில் மிதக்கும் தூளையும் சேர்த்து இழுத்துக் கொண்டு வரும். நல்ல மழை பெய்த மறுநாள் பரங்கிமலை பளிச்சென்று தெரிவதற்குக் காரணம் இதுதான்.

தீபாவளி ஐப்பசியில் வருகிறது. அன்று மழை பெய்தாலோ, காற்று அடித்தாலோ புகை கலைந்து விடும். இரண்டும் இல்லாமல் போனால் இரவோடு இரவாக ஊர் மூச்சுத் திணறும். 2018ஆம் ஆண்டு சுப்ரீம் கோர்ட் உத்தரவுக்குப் பிறகு தமிழ்நாட்டில் பட்டாசு வெடிக்க காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் என்று ஒதுக்கப்பட்டது. அந்த நேரத்தோடு எத்தனை தெரு நிறுத்திக் கொள்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

மழையும் முழு உபகாரி அல்ல. மழைக்காலத்தில் ரோடு பெயர்ந்து விடுகிறது. மழைநீர் வடிகால் வேலை, கேபிள் வேலை என்று தோண்டிய மண் ஓரத்திலேயே கிடக்கிறது. மழை நின்று வெயில் அடித்ததும் சேறு தூசியாகிறது. ஒரு லாரி போனால் போதும், கடை முழுக்கப் புழுதி. மழை துடைத்ததை மாநகராட்சி திரும்பப் பூசுகிறது!

லண்டனிலும் காற்று நின்றது

காற்று ஓய்வதெல்லாம் நாலு நாள் சமாசாரம், அதற்கு இத்தனை கூச்சலா என்று கேட்பவர்கள் லண்டனைப் பார்க்கட்டும்.

லண்டன் காற்றுக்குப் பஞ்சம் உள்ள ஊர் அல்ல. கடலும் வெகு தூரம் இல்லை. ஆனால் 1952ஆம் ஆண்டு டிசம்பர் 5 முதல் 9 வரை காற்று அசையவே இல்லை. குளிருக்காக வீட்டுக்கு வீடு எரித்த நிலக்கரிப் புகையும் ஆலைப் புகையும் மூடிக்குள் மாட்டிக் கொண்டன. பட்டப்பகலில் எதிரே வருபவர் தெரியவில்லை. சுமார் 4,000 பேர் இறந்ததாக முதலில் கணக்கிட்டார்கள். உண்மையான எண்ணிக்கை அதைவிட மிக அதிகம் என்று பிற்பாடு வந்த ஆய்வுகள் கூறின.

ஐந்தே நாள்! அதற்குப் பிறகுதான் 1956ஆம் ஆண்டு அங்கே சுத்தமான காற்றுக்குச் சட்டம் வந்தது.

இந்தியாவில் காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981ஆம் ஆண்டே வந்து விட்டது. தமிழ்நாட்டில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982ஆம் ஆண்டே வந்து விட்டது. சட்டம் இல்லை என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

பஞ்சாங்கம் பார்த்து வேலை செய்யுங்கள்

காற்று எப்போது லீவு எடுக்கும் என்பது ரகசியம் அல்ல. ஆண்டுதோறும் அதே மாதம், அதே நேரம். கல்யாணத்துக்கு முகூர்த்தம் பார்க்கிற ஊர், காற்றுக்கும் பஞ்சாங்கம் பார்க்கலாமே!

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை எந்தத் தெருவிலும் எந்தக் காலி மனையிலும் குப்பை எரியக் கூடாது. 2016ஆம் ஆண்டு திடக்கழிவு விதிகளிலேயே இதற்குத் தடை விதிக்கப்பட்டது. அபராதம் போட வேண்டியதுதான் பாக்கி. சில இடங்களில் பெருக்கிய குப்பைக்கு அதே இடத்தில் தீ வைக்கிறார்களே, அதை முதலில் நிறுத்த வேண்டும்.

போகிக்கு முன்பாகப் பழைய டயர், துணிகளை வாங்கிக் கொள்ளும் வேலையை மாநகராட்சி சில ஆண்டுகளாகச் செய்து வருகிறது. நல்ல காரியம். அதை ஒரு வாரம் முன்பே தொடங்கி, வண்டி சந்து பொந்துகளுக்குள்ளும் போக வேண்டும். டயரைக் கொளுத்தும் சிறுவனைத் துரத்துவதை விட, டயரை விற்கும் பழைய டயர்க் கடையைக் கண்காணிப்பது சுலபம்.

கோடை பிறக்கும் முன்பே குப்பை மேடுகளுக்குக் காவல் வேண்டும். 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் தேதி பெருங்குடி குப்பைக் கிடங்கில் பிடித்த தீ, நாள் கணக்கில் புகைந்தது. வெயிலில் குப்பைக்குள் சேரும் வாயு பற்றிக் கொள்ளும் என்பது தெரிந்த விஷயம். தெரிந்தும் ஏன் தீயணைப்பு வண்டிக்காகக் காத்திருக்க வேண்டும்?

மழைக்காலம் முடிந்த உடனே தோண்டிய மண்ணை அள்ள வேண்டும். ஜல்லி, மணல் லாரிகள் தார்ப்பாய் போடாமல் நகருக்குள் நுழையக் கூடாது.

இவை எல்லாம் சின்ன வேலைகள். பெரிய வேலை ஒன்று உண்டு. அனல் மின் நிலையங்களின் கந்தகப் புகைக்கு 2015ஆம் ஆண்டு மத்திய அரசு அளவு வகுத்தது. இரண்டு ஆண்டு கெடு கொடுத்தது. கெடு தள்ளிப் போனது. மறுபடி தள்ளிப் போனது. 2025ஆம் ஆண்டு ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு அந்தக் கட்டாயமே தளர்த்தப்பட்டது. பெருநகரங்களை ஒட்டியுள்ள நிலையங்களுக்குக் கெடு பாக்கி இருக்கிறது. அந்தக் கெடுவாவது கெடுவாக இருக்குமா என்பதை எண்ணூர், மணலி மக்கள் கேட்கிறார்கள். காற்று எந்தப் பக்கம் திரும்பினாலும் மாட்டிக் கொள்கிறவர்கள் அவர்கள்தானே!

கடைசியாக ஒன்று. மழை வருகிறது, புயல் வருகிறது என்று வானிலை அறிக்கை சொல்கிறது. 'நாளை காலை காற்று அசையாது, புகை தேங்கும், நோயாளிகள் வெளியே வர வேண்டாம்' என்று மார்கழியில் ஏன் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது? ரேடியோவில் சொல்லலாம். பஸ் நிலையத்தில் எழுதிப் போடலாம். காசு செலவே இல்லை.

கடல் சென்னைக்குக் கிடைத்த சொத்து. காற்று வாடகை கேட்பதில்லை. அதற்காக அதன் தலையிலேயே எல்லாச் சுமையையும் ஏற்றி விட்டு அதிகாரிகள் கையைக் கட்டிக் கொண்டு இருக்கலாமா?

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். மார்கழியில் பஞ்சு கூடப் பறக்காது. வருகிற மார்கழிக்கு முன்னால் கோட்டையும் ரிப்பன் மாளிகையும் விழித்துக் கொள்ளுமா?